காலி அட்டை

ஜூன் 3, திங்கள்

டாக்டரல் கமிட்டி முடிந்தது. கல்லூரியில் புள்ளியியல் வகுப்பும் எடுத்துக்கொண்டு, மூன்று வருடமாக நான் உருட்டிவந்த பிஎச்.டி. வண்டியை ஒரே கேள்வியில் நிறுத்திவிட்டார்கள்.

என் ஆய்வு எளிமையானது. ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கும் 312 பேர் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நேரில் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அதனால் நான் யாரையும் கேட்கவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தீர்ந்த மாத்திரையின் காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் புது அட்டை கொடுப்பார்கள். அந்தக் காலி அட்டைகளை மூன்று மாதம் சேகரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஆள்வாரியாக எண்ணினேன். 262 பேர், அதாவது நூற்றுக்கு 84 பேர், மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார்கள். வாய் பொய் சொல்லும், அட்டை சொல்லாது. ஏப்ரலில் இது ஓர் ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்துவிட்டது.

சமூகவியல் துறையின் தஸ்லிமா மேடம் என் அட்டவணையில் விரலை வைத்தார். "எண்பத்துநாலு சதவீதம் பேர் மாத்திரை போடறாங்க. முப்பத்தோரு சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை கட்டுப்பாட்டுல இருக்கு. மத்தவங்களுக்கு என்ன ஆச்சு?"

"உணவுப் பழக்கமா இருக்கும், மேடம்."

"அது உங்க டேட்டாவுல இருக்கா?"

இல்லை.

"அப்போ போய்க் கேளுங்க. ஒரு பதினஞ்சு பேர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. எண் புதிர் போட்டுடுச்சு, ஆனா விடையை அதால சொல்ல முடியல."

என் நெறியாளர் எபநேசர் சார் எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். தலைப்பில் 'கலப்பு முறை' என்று சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். கணக்கும் வேண்டுமாம், கதையும் வேண்டுமாம். டிசம்பருக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். வரும் வழியில் இட்லி அரிசி இரண்டு கிலோ வாங்கினேன்.

ஜூன் 11, செவ்வாய்

நேர்காணலுக்கு அனுமதி கேட்கச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். செவ்வாய்தோறும் சர்க்கரைக்காரர்கள் வரும் நாள். டாக்டர் இளமாறன் சின்ன வயது, சுறுசுறுப்பு. என் கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்கிறார். இதுவரை அதைப் படித்ததாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"மேடம், மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் சர்க்கரை ரொம்ப அதிகமா இருக்கிறவங்க யாருன்னு உங்க டேட்டாவுல எடுக்க முடியுமா? அவங்களுக்கு அளவு பத்தலைன்னு அர்த்தம். கூட்டணும்."

அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். 58 பெயர்கள். அச்சிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெயரை வெளியில் கொடுக்கக் கூடாது என்றுதான் விதி. ஆனால் அவருடைய நோயாளிகள்தானே? ஓர் ஆய்வு அலமாரியில் தூங்காமல் இப்படி நாலு பேருக்குப் பயன்படுவதை விட வேறு என்ன வேண்டும்? இன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் நேர்காணல். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. "மாத்திரையெல்லாம் டாண்ணு போட்டுருவேன்." எழுதிக்கொண்டேன். இதற்கா மூன்று பஸ் மாறிப் போனேன்?

ஜூன் 18, செவ்வாய்

பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்குகிற வேலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே செல்போனை ஓடவிட்டேன். தபாலாபீஸ் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றியபடியே கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"பாக்கியம், பேட்டி எடுக்கிறது யாரு, குடுக்கிறது யாரு?"

"ஏன்?"

"அந்த மனுசனை ஒரு வாக்கியம் முடிக்க விடலையே நீ. 'மாத்திரை போட்டா ஒரு மாதிரி...'ன்னு ஆரம்பிக்காரு. நீ 'தினமும் போடுறீங்கல்ல?'ன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்ட. வகுப்புல பிள்ளைகளை மடக்குத மாதிரி மடக்குத."

சண்டை போட்டேன். அவர் தூங்கியபின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்து அளந்தேன். பதினோரு நிமிடத்தில் என் குரல் மட்டும் ஏழு நிமிடம். 64 சதவீதம்.

'ஒரு மாதிரி' என்றால் என்ன மாதிரி? தெரியாது. கேட்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஐந்து நேர்காணல்கள் முடிந்தன. என் பேச்சின் பங்கு: 64, 58, 41, 37, 26. நான்காவது முடிந்ததுமே தஸ்லிமா மேடத்திடம் காட்டியிருந்தேன். சிரித்துவிட்டார். "பேட்டியையும் நம்பராக்கிட்டீங்களா? தப்பில்ல. ஆனா அவங்க பேச்சை நிறுத்தினதும் உடனே பாயாதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. உங்களுக்கு எண்ணத்தான் நல்லா வருமே."

கிண்டல்தான். ஆனால் நேற்று ஐந்தாவதில் ஏழு வரை எண்ணுவதற்குள் அந்தப் பெண் தானாகவே தொடர்ந்தாள். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 12, வெள்ளி

எட்டாவது நேர்காணல். 47 நிமிடம், என் பங்கு 12 சதவீதம். இதுவரை இதுதான் சிறந்தது.

படிவ எண் 212, குருவம்மாள், ஐம்பத்திரண்டு வயது. தீப்பெட்டி ஆலையில் பண்டல் கட்டுகிறார், எண்ணிக்கைக்குக் கூலி. வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் எதிரே உட்கார்ந்தார். கேட்டதையே கேட்டேன். "ஒழுங்கா போடுதேன் டீச்சர்" என்றார். பத்து எண்ணினேன். எட்டில் எழுந்துபோய் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். மாத்திரைகள். குறைந்தது இருநூறு இருக்கும்.

"ஒங்ககிட்ட பொய் சொல்ல வாய் வரல. அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் சோறு பொங்கி, தண்ணி புடிச்சு வச்சுட்டு, ஆறே காலுக்கு வேன்ல ஏறணும். அந்நேரத்துல எங்க திங்க? மாத்திரைய மட்டும் போட்டுட்டு ஏறுனா எட்டு மணிக்கெல்லாம் படபடன்னு வந்துரும். கையி நடுங்கும், கண்ணு இருட்டும். பத்தரைக்குத்தான் சோத்துக்கு விடுவாக. அதான் வேலை நாள்ல போடுறதில்ல. ஞாயித்துக்கெழம மட்டும் போடுவேன்."

"அட்டை காலியா இருந்ததே?"

"காலி அட்டை இல்லைன்னா புது அட்டை குடுக்க மாட்டாகள்ல. வேலை இல்லாத காலத்துல அது வேணுமே. அதான் பிதுக்கி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். தூரப் போட மனசு வரல, மருந்தாச்சே."

மாத்திரைகளைத் திரும்ப டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார். "போன செவ்வாக்கெழம டாக்டரு சத்தம் போட்டுட்டாரு. ஒழுங்கா போடுறவுக லிஸ்டுல ஒம் பேரு இருக்கு, அப்பிடியும் எரநூத்தித் தொண்ணூறு காட்டுது, இப்பிடியே போனா காலை எடுக்க வேண்டியது வரும்னாரு. காலைல ஒண்ணு போடுறத ரெண்டாக் கூட்டிட்டாரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு டீச்சர். ஞாயித்துக்கெழம கோயில்ல வேண்டிக்கிட்டு, திங்கக்கெழமலருந்து வேலை நாள்லயும் தவறாம ரெண்டையும் போட்டுரப் போறேன்."

பஸ்ஸில் வரும்போது நேர்காணல் கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். தெளிவாக இருக்கிறது: நேர்காணல் நடத்துபவர் அறிவுரை சொல்லக் கூடாது, பதிலைத் திருத்தக் கூடாது. சொன்னால் தரவு கெட்டுப்போகும். நான் "சரிங்க" என்று மட்டும்தான் சொன்னேன். முறைப்படி அதுதான் சரி.

ஜூலை 13, சனி

எபநேசர் சாரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் எத்தனை பேர் என்று கேட்டார். பிறகு, "ஒருத்தங்க சொல்றது டேட்டா ஆகாதும்மா. பதினஞ்சும் முடியட்டும். இப்போ டாக்டர்கிட்டப் போய் லிஸ்ட் தப்புன்னு சொன்னா கட்டுரையையும் வாபஸ் வாங்கணும். கட்டுரை இல்லாம ஆய்வேட்டை ஒப்படைக்க முடியாது. டிசம்பர் போயிரும். கடைசியில 'ஆய்வின் வரம்புகள்'னு போட்டு ரெண்டு வரி எழுதிக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, "சரி சார்" என்றுதான் சொன்னேன். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஓர் ஆளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இதை நானே ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

நான்கு நாளுக்குப்பின் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி, குடம், அண்டா எல்லாம் நிரப்பினேன். மாவு ஆட்டினேன். இவருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன், கேட்காமலே.

குருவம்மாளின் போன் எண் 212-ஆம் படிவத்தில் இருக்கும். படிவக்கட்டு பரணில் இருக்கிறது. ஏணியைப் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

கல்லூரி முடிந்ததும் ஒன்பதாவது நேர்காணல். இவளும் ஆலைக்காரி, இவளும் பிதுக்குகிறாள். பழைய பதிவுகளையும் திரும்பக் கேட்டேன். 'ஒரு மாதிரி வரும்', 'தலை சுத்தும்', 'வேலைக்குச் சரிப்படாது'. சொல்லியிருக்கிறார்கள். நான்தான் குறுக்கே பேசி அமுக்கியிருக்கிறேன். ஒன்பதில் ஆறு பேர். இது இனி 'ஒருத்தங்க சொன்னது' இல்லை.

நாளை செவ்வாய், சர்க்கரைக்காரர்களைப் பார்க்க டாக்டர் எப்படியும் இருப்பார். நாளை போய்விட வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் வேலை. போகவில்லை.

ஜூலை 17, புதன்

சாயங்காலம் ஏணி வாங்கிப் பரணைச் சுத்தம் செய்தேன். படிவக்கட்டு கிடைத்தது. 212-ஐ எடுத்து அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. அசதியில் தூங்கியிருப்பார்.

ஜூலை 18, வியாழன்

காலை ஏழரைக்கு, சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் சங்கரேஸ்வரியிடமிருந்து போன். "டீச்சர், நீங்க பேட்டி எடுத்தீங்கல்ல, குருவம்மா? நேத்துக் காலைல ஆலையிலயே மயங்கி விழுந்துட்டாங்க. சர்க்கரை நாப்பத்திரெண்டுக்கு எறங்கிருச்சு. உசுரு பொழச்சதே பெருசு. விழுந்ததுல வலது மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு."

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லவில்லை. அப்படியே பஸ் ஏறினேன்.

மருந்து ஜன்னல் வழியாகச் சங்கரேஸ்வரியிடமே முதலில் கேட்டேன், அட்டையைப் பிதுக்கிக் கொண்டுவருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியுமா என்று. "இங்க எல்லாருக்கும் தெரியும் டீச்சர். நீங்க அட்டைதான கேட்டீங்க, குடுத்தேன். இதையெல்லாம் நீங்க கேக்கலையே" என்றாள். மூன்று மாதம் அந்த ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

டாக்டரிடம் நின்றபடியே சொன்னேன். "நான் குடுத்த லிஸ்ட் தப்பு சார். காலி அட்டையை வச்சு மாத்திரை சாப்பிட்டாங்களான்னு கண்டுபிடிக்க முடியாது. அட்டை காலியானா அட்டை காலியாச்சுன்னுதான் அர்த்தம்."

அவர் முகம் மாறியது. "ஒழுங்கா சாப்பிடுறவங்கன்னு நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? அதை நம்பி இருபத்திமூணு பேருக்கு அளவைக் கூட்டியிருக்கேன்."

"ஆமா சார்."

"சரி, யார் யார் பிதுக்குறாங்க? அந்தப் பேரையாவது சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். வெளியில சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துத்தான் கேட்டேன். ஏற்கெனவே பேரைக் குடுத்துத்தான் இவ்வளவும் வந்துச்சு. அம்பத்தெட்டுப் பேருமே தப்புன்னு வச்சுக்குங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சங்கரேஸ்வரியும் நானும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அளவு கூடியவர்களில் குருவம்மாள் போக மற்ற இருபத்திரண்டு பேரையும் மதியத்துக்குள் பிடித்துவிட்டோம். எல்லாருக்கும் அளவைப் பழையபடி குறைத்து, வேன் ஏறுகிறவர்களுக்கு மாத்திரையைப் பத்தரை மணிச் சாப்பாட்டோடு போடும்படி மாற்றினார் டாக்டர். மாற்ற வேண்டியது அவ்வளவுதான்.

ஜூலை 20, சனி

ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் அனுப்பினேன். எபநேசர் சார் போனில் கத்தினார். "மூணு வருஷ உழைப்பும்மா!" அது எனக்கும் தெரியும். அவர் வைத்த பிறகு சமையலறையில் நின்று நன்றாக அழுதேன். இவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்.

மதியம் தஸ்லிமா மேடம் வீட்டுக்குப் போனேன். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் எண்களும் வலது பக்கம் அவர்கள் சொன்ன சொற்களுமாக எழுதியிருந்தேன். பார்த்துவிட்டுச் சொன்னார், "பக்கத்துல பக்கத்துல வச்சா மட்டும் கலப்பு ஆகாது. இந்தப் பக்கம் சொல்றதை எடுத்துட்டுப் போய் அந்தப் பக்கத்துல கேக்கணும். குருவம்மா 'வேன்'னு சொன்னாங்கள்ல? உங்க டேட்டாவுல வேன் இருக்கா?"

வேன் இல்லை. ஆனால் தொழில் இருந்தது. மூன்று வருடமாக இருந்தது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பிரித்துப் பார்த்தேன். ஆலைக்குப் போகிறவர்கள் 172 பேர், அதில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் 24. மற்றவர்கள் 140 பேர், அதில் 73. பதினாலு சதவீதமும் ஐம்பத்திரண்டு சதவீதமும்.

இந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. எதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று குருவம்மாள் சொல்லியிருக்காவிட்டால் ஆயுளுக்கும் பிரித்திருக்க மாட்டேன். இந்த வருடம் ஒப்படைக்க முடியாது. நீட்டிப்புக்கு மனுப் போட வேண்டும், கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை 21, ஞாயிறு

குருவம்மாளைப் பார்க்கப் போனேன். பழக்கடையில் சர்க்கரைக்காரருக்கு எதை வாங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்று, கடைசியில் அரைக்காயாகக் கொய்யா வாங்கினேன். பதிவுசெய்யும் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையால் தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்கக்கா" என்றேன். இதுவரை அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"எம்மேல கோவமா டீச்சர்? நாந்தான ஒங்களுக்கு வெத்து அட்டையக் குடுத்து ஏமாத்துனது."

"நீங்க ஏமாத்தலக்கா. நான் கேக்காம விட்டேன்" என்றேன். தட்டைப் பாதி என் பக்கம் இழுத்துக்கொண்டு நானும் கல் பொறுக்கினேன்.

"நீங்க போய்ச் சொல்லித்தான் எல்லாத்துக்கும் மாத்துனாகளாமே. சங்கரேஸ்வரி அம்மா சொன்னாக."

"ஆமாக்கா."

"என்னைக்குப் போய்ச் சொன்னீக?"

"வியாழக்கிழமை."

அவர் கை தட்டில் நின்றது. "நான் ஒங்ககிட்டச் சொன்னது வெள்ளிக்கெழம" என்றார். பிறகு பண்டல் எண்ணுகிறவரின் பழக்கத்தில், இடது கையின் கட்டைவிரலை விரல் கணுக்களில் ஒவ்வொன்றாக வைத்தார். சனி. ஞாயிறு. திங்கள். செவ்வாய். புதன். புதனில் கட்டைவிரல் நின்றது.

"புதங்கெழம நான் விழுந்தேன். அஞ்சு நாளு."

குரலில் கோபம் இல்லை. எண்ணிக்கை சரியா என்று என்னிடம் கேட்பதுபோலத்தான் இருந்தது. சரிதான் என்று தலையாட்டினேன்.

"அஞ்சு நாளும் என்ன பண்ணுனீக டீச்சர்?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் எத்தனை எண்ணியிருப்பேன் என்று தெரியாது. பிறகு சொல்ல ஆரம்பித்தேன். கட்டுரையை, எபநேசர் சாரை, டிசம்பரை. கையேட்டில் அறிவுரை சொல்லக் கூடாது என்று போட்டிருந்ததை. அது வசதியாக இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டதை. தண்ணீர் பிடித்ததை, பொத்தான் தைத்ததை, ஏணி கேட்காததை. செவ்வாய்க்கிழமை விடைத்தாள் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டதையும் சொன்னேன். அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. என் பெயரில் வந்த கட்டுரை பொய்யாகிவிடுமே என்ற பயத்தில்தான் இருந்தேன், உங்கள் கையை நினைக்கவே இல்லை என்றும் சொன்னேன்.

அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பார்வையையும் விலக்கவில்லை. நான் முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இதையும் ஒங்க புஸ்தகத்துல எழுதுவீகளா?"

"எழுதுவேன்க்கா."

"எம் பேரப் போட மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டீக."

"ஆமா. நம்பர் மட்டுந்தான் போடுவேன்."

"எனக்கு நம்பரு போதும்" என்றார். "நீங்க ஒங்க பேரப் போட்டு எழுதுங்க."

சரி என்றேன். அரிசியில் இன்னும் கல் இருந்தது. இருட்டும் முன் பொறுக்கி முடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.